துண்டு விலகிய மூன்றாவது சுற்று

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. வண்டி இடித்த இடத்திலேயே நின்று படம் எடுத்து அனுப்புகிறீர்கள். மறுநாள் பேச்சு முடிந்துவிடுகிறது. நாங்கள் ஒரு கோப்பைச் சேலம் மண்டல அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, அது திரும்பி வருவதற்குள் கோப்புக்குரியவரின் முகமே மறந்துபோகும் காலத்தில் வேலை பார்த்தவர்கள்.

நான் காப்பீட்டு நிறுவனத்தின் ஓசூர் கிளைக்குத் தட்டச்சு செய்ய வந்தவள். விருதுநகர்ப் பக்கம் பிறந்து, கணவருக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் மூக்கண்டப்பள்ளியில் குடித்தனம் வைத்தவள். பிறகு இழப்பீட்டுப் பிரிவுக்கு மாற்றியபோது அந்த வேலையை எனக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என்னைத் திட்டியவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் சொன்னார்: "பிரீமியம் வாங்க வர்றப்ப உங்க ஆளுங்க செருப்பை வெளிய வுட்டுட்டு உள்ள வர்றாங்க. கிளைம்னு ஆயிட்டா நாங்க வுட வேண்டியிருக்குது." அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, நான் கேட்ட கேள்விகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ கேக்குறதைப் பாத்தா, மாடு செத்ததுல எங்க ஊட்ல எல்லாருக்கும் குஷின்னு நெனைக்கிற மாதிரி இருக்குது கண்ணு" என்றார். இப்படிப்பட்ட பேச்சுகளை நான் வேலையில் இருந்த காலம் முழுக்கச் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்தப் பயிற்சிக் கையேட்டைவிடவும் அவை எனக்கு உதவின.

இப்போது சொல்லப் போவது நாகப்பாவின் கதை. இணையம் வழியாகப் பேரம் பேசி இழப்பீட்டை முடிக்கும் முறையை எங்கள் நிறுவனம் சோதனைக்காகக் கொண்டுவந்த புதிது. ஓசூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி பிரௌசிங் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம்.

முறை எளிமையானது. இழப்பு நடந்தது உண்மை, பணம் தர வேண்டியதும் உண்மை, எவ்வளவு என்பதில்தான் தகராறு என்றால், அந்தக் கோப்பு இணையத்துக்குப் போகும். இழப்பீடு கேட்பவர் தனக்கு வேண்டிய தொகையைப் போடுவார். நாங்கள் தரத் தயாரான தொகையைப் போடுவோம். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. அவர் கேட்பது நாங்கள் தருவதற்கு அருகில் வந்தாலும், அதற்குக் கீழே இருந்தாலும், இரண்டுக்கும் நடுவில் உள்ள தொகையில் முடிந்துவிடும். எட்டாத தூரத்தில் இருந்தால் 'பொருந்தவில்லை' என்று ஒரே ஒரு வரி வரும். மொத்தம் மூன்று சுற்று. மூன்றாவதும் தவறினால் கோப்பு பழைய வழிக்கே திரும்பி, சேலத்து வரிசையின் கடைசியில் போய் நிற்கும்.

நாகப்பா ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்குத் தக்காளி ஏற்றும் டெம்போவுக்குச் சொந்தக்காரர், ஓட்டுநரும் அவரே. மழை நாளில் வளைவு ஒன்றில் வண்டி சரிந்து பள்ளத்தில் படுத்துவிட்டது. அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. வண்டிக்கு அடிச்சட்டம் வளைந்து, முன்பக்கம் நசுங்கி, ஒரு பக்கக் கதவே இல்லாமல் போய்விட்டது. மெக்கானிக் கொடுத்த மதிப்பீட்டுக்கும், சேதத்தை அளக்கும் எங்கள் சர்வேயர் எழுதிய தொகைக்கும் நடுவில் ஒரு லாரியே போகலாம்.

முதல் முறை அலுவலகத்துக்கு மனைவி கௌரம்மாவோடு வந்தார். நல்ல உயரம், அதைவிடப் பெரிய குரல். பரம்பரையாக மாட்டுத் தரகு பார்த்த குடும்பம். இவர்தான் முதலில் வண்டிக்கு மாறியவர். வீட்டில் கன்னடம், மண்டியில் தெலுங்கு, எங்களைப் போன்றவர்களிடம் தமிழ்.

"வண்டி மெக்கானிக் செட்டுல கெடக்குது மேடம். என் லோடை இப்ப வேற ஒருத்தன் ஏத்துறான். மண்டிக்காரங்க நல்லவங்கதான், மாசக் கடைசி வரைக்கும் பாக்குறோம்னாங்க. அதுக்கு மேல அவங்க தக்காளி எனக்காகக் காத்திருக்குமா?"

"காத்திருந்தா ரசம்தான் வெக்கணும்" என்றார் கௌரம்மா.

நான் இணைய முறையை விளக்கினேன். பாதியிலேயே நாகப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இது நம்ம சந்தையில பண்றதுதானே மேடம். துண்டு போட்டுப் பேசுறது."

அதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்பவரும் வாங்குபவரும் கைகளைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துக் காட்டுவதுதான் விலை. சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சியில் எனக்கு முழுதாகப் பிடிபடாதது, நாகப்பாவின் ஒரு வாக்கியத்தில் பிடிபட்டது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் நான் அப்படித்தான் விளக்கினேன்.

ஆனால் அந்த விளக்கத்தில் ஒரு பள்ளமும் இருந்தது. அன்று எங்கள் இருவருக்குமே அது தெரியவில்லை. சந்தையில் முதல் விலை என்பது விலையே அல்ல. ஒரு பேச்சுக்குத் தொடுவது. விற்கிறவர் இரண்டு மடங்கில் ஆரம்பிப்பார், வாங்குகிறவர் பாதியில் ஆரம்பிப்பார், பிறகு விரல்கள் மெல்ல மெல்ல நகரும். நாகப்பா முதல் சுற்றில் சந்தை வழக்கப்படியே போட்டார் என்று பிறகு அவரே சொன்னார். நானும் சளைக்கவில்லை. 'முதல் சுற்றில் இறங்கியே போடுங்கள்' என்பது சேலத்திலிருந்து வந்த வாய்மொழி உத்தரவு. பொருந்தவில்லை. இரண்டாம் சுற்றில் அவர் கொஞ்சம் இறங்கினார், நான் கொஞ்சம் ஏறினேன். பொருந்தவில்லை.

மறுநாள் காலை நான் நாற்காலியில் உட்காரும் முன்பே வந்து நின்றார்.

"கையைப் புடிச்சா தெரிஞ்சிரும் மேடம். இவன் இன்னும் ஏறுவானா, இதோட எந்திரிச்சிப் போயிருவானான்னு. உள்ளங்கை வேர்க்கும், விரலு தயங்கும். இந்தப் பெட்டி கல்லாட்டம் உக்காந்திருக்குது. நான் என்னாத்தைப் பாத்து எறங்கறது?"

"அதைப் பாத்து எறங்க வேண்டாம் நாகப்பா. உங்க வண்டியைப் பாத்துப் போடுங்க" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் கண்ணில் பயம் ஏறியிருந்தது. மூன்றாவதும் தவறினால் மாசக் கடைசியும் போகும், மண்டியும் போகும்.

மூன்றாம் சுற்றின் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் இரு தரப்பும் போட்டாக வேண்டும். அன்று பார்த்துச் சாலை தோண்டிய யாரோ எங்கள் தொலைபேசிக் கம்பியையும் சேர்த்துத் தோண்டிவிட்டார்கள். அலுவலகத்தில் இணையம் செத்துப்போயிற்று. நான் குடையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்தருகே பாஷா பாய் நடத்திய பிரௌசிங் சென்டருக்குப் போனேன். பிளைவுட் பலகையால் தடுத்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். கடைக்கோடி அறையில் உட்கார்ந்து எங்கள் நிறுவனத்தின் பேரத் தளத்துக்குள் நுழைந்தேன். எங்கள் தொகையைக் காலையிலேயே சேலத்து மேலாளரிடம் தொலைபேசியில் பேசி முடிவு செய்திருந்தோம். இந்த முறை விளையாட்டு வேண்டாம், நியாயமாக எவ்வளவு போக முடியுமோ அதைப் போட்டுவிடலாம் என்று அவரும் ஒத்துக்கொண்டிருந்தார்.

விசைப்பலகையில் கை வைக்கும் நேரத்தில் பக்கத்து அறையில் ஸ்டூல் இழுபடும் சத்தம். அதைத் தொடர்ந்து நாகப்பாவின் குரல்.

நாகப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. பாஷா பாய்தான் அவருக்காகக் கணினியில் எண்ணைப் போடுவார். பாஷா பாயிடம் தெலுங்கில் எண்ணைச் சொன்னார். கௌரம்மா "ஏனு, ஏனு?" என்று பதறியதும் அவருக்குக் கன்னடத்தில் ஒரு முறை சொன்னார். பாஷா பாய் சந்தேகத்தோடு திருப்பிக் கேட்கவே, தமிழில் நிறுத்தி நிதானமாக மூன்றாம் முறை சொன்னார். ஓசூரில் இத்தனை வருடம் குடியிருந்துவிட்டு எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க மூன்றில் ஒரு பாஷைகூட மிச்சமில்லை.

அந்த எண்ணை மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சர்வேயர் எழுதியதைவிடக் குறைவு. அதில் வண்டியின் அடிச்சட்டத்தை நிமிர்த்தலாம். இன்ஜினைத் தொட முடியாது. பயத்தில் மனிதர் தன் வண்டியைத் தானே பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்.

பாஷா பாய், "போட்டாச்சு அண்ணா" என்றார்.

என் திரையில் கட்டம் காலியாக இருந்தது. எதிரே சுவர்க் கடிகாரம். அப்போது என் முன்னால் இருந்த வழிகளைச் சொல்கிறேன், நீங்களும் யோசித்துப் பாருங்கள். அவர் சொன்ன எண்ணையே நான் போட்டால் கண நேரத்தில் பொருந்திவிடும். நிறுவனத்துக்கு மிச்சம், எனக்குப் பாராட்டு. காலையில் முடிவு செய்த தொகையைப் போட்டாலும் பொருந்தும். நடுத்தொகை அவர் கேட்டதைவிட மேலே நிற்கும், ஆனால் வண்டிக்குப் போதாது. ஒன்றும் போடாமல் எழுந்து போனால் ஐந்து மணிக்குச் சுற்று செத்து, கோப்பு சேலத்து வரிசைக்குப் போய்விடும்.

இரண்டாவது வழி நேர்மையானதாகத்தான் தெரிந்தது. ஆனால் நான் பக்கத்து அறையில் இருந்தேன் என்று என்றைக்காவது அவருக்குத் தெரியவரும். பாஷா பாய்க்குத் தெரியும், எனவே ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு நான் எந்த எண்ணைப் போட்டிருந்தாலும் நாகப்பா நம்பப் போவதில்லை. நம்பாததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எழுந்து வெளியே வந்து பக்கத்து அறையின் திரைச்சீலையை விலக்கினேன்.

"நாகப்பா, நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். நீங்க சொன்னது என் காதுல விழுந்திருச்சு."

கௌரம்மாதான் முதலில் பேசினார். "இவருக்கு மெதுவாப் பேசவே வராது மேடம். ஊட்ல ரகசியம் பேசுனாலே கொட்டாயில மாடு திரும்பிப் பாக்கும்." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் நான் எங்க நம்பரைப் போடல. போடவும் மாட்டேன். உங்க சந்தையில இப்படி ஆனா என்ன பண்ணுவீங்க?" உண்மையிலேயே எனக்குத் தெரியாமல்தான் கேட்டேன்.

நாகப்பா சொன்னார்: "துண்டு வெலகிட்டா ரெண்டு பேரும் கையை எடுத்துருவாங்க. வெரலை யாராச்சும் பாத்துட்டா அந்தப் பேச்சு செல்லாது. பாத்தவன் ஒதுங்கி நிப்பான், வேற ஆளு வந்து கை குடுப்பான். துண்டை ஒதறிட்டு மொதல்லேர்ந்து." நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா பாத்தவன் பாத்தேன்னு வாயைத் தொறக்கணுமே மேடம். அதானே நடக்காது."

பாஷா பாயின் கடைத் தொலைபேசியிலேயே சேலத்து மேலாளரை அழைத்தேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்டவர் இல்லை. இந்தச் சோதனை முயற்சியில் எத்தனை கோப்பு முடிந்தது, எவ்வளவு மிச்சமானது என்று தலைமை அலுவலகம் அவரை வாரந்தோறும் பிழிந்துகொண்டிருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"ஒட்டுக் கேட்டீங்களா?"

"இல்ல சார். அவர் பேசுனா பஸ் ஸ்டாண்டுக்கே கேக்கும்."

"அப்புறம் என்ன? தானா வந்து விழுந்தது. எவ்வளவு சொன்னாரு?"

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா? எவ்வளவும்மா?"

"அதைச் சொல்ல மாட்டேன் சார்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "நான் உங்க மேலதிகாரி."

"தெரியும் சார். இப்ப அந்த நம்பர் தெரிஞ்சது நம்ம கம்பெனியில ஒருத்திக்குத்தான். நீங்களும் தெரிஞ்சுக்கிட்டா ரெண்டு பேராயிடும். அப்புறம் யாரு சார் எண்ணைப் போடுறது? இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நாளைக்கு ராயக்கோட்டை மண்டியில இந்த மனுஷன் வாயைத் தொறந்தாருன்னா, அதுக்கப்புறம் ஒருத்தரும் நம்ம கம்ப்யூட்டர் பக்கம் வர மாட்டாங்க. இவரு ஒருத்தர்கிட்ட மிச்சம் புடிச்சு, நூறு பேரைப் பழைய வரிசையில நிறுத்திடுவோம். இந்தச் சுற்றை ரத்து பண்ணிட்டு, என்னை ஒதுக்கிட்டு, வேற ஆளை வெச்சுப் புதுசாத் தொறந்து குடுங்க சார்."

கடைக்கு வெளியே பெங்களூர் பேருந்தின் நடத்துனர் கத்திக்கொண்டிருந்தார்.

"ரத்துக்குக் காரணம் என்னன்னு எழுதுவீங்க?"

"நடந்ததையே எழுதுறேன் சார். நம்பரைத் தவிர."

"தலைமை ஆபீஸ்ல எனக்குத் திட்டு வாங்கிக் குடுக்குறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க." பெருமூச்சு. பிறகு குரல் மாறிற்று. "சரி. உங்க கை இதுல படக்கூடாது. கிருஷ்ணகிரி கிளையிலேர்ந்து போடச் சொல்றேன். அவங்ககிட்ட நீங்க இந்தக் கோப்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. புரியுதா?"

புரிந்தது. தொலைபேசியை வைத்தபோது என் உள்ளங்கைதான் வேர்த்திருந்தது.

நாகப்பாவிடம் புதிய சுற்று திறக்கும் என்று சொன்னேன். எண்ணைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. விதியை மட்டும், முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய விதத்தில் சொன்னேன். "இது சந்தைத் துண்டு மாதிரிதான், ஆனா உள்ள கை கெடையாது. நீங்க எறங்குறதைப் பாத்து யாரும் ஏற மாட்டாங்க. ஏத்திச் சொன்னா எட்டாம நின்னுரும், எறக்கிச் சொன்னா அந்த எறக்கம் உங்க தலையிலதான் விழும். பேரத்துக்குன்னு ஒரு விலை, மனசுல ஒரு விலைன்னு ரெண்டு வெச்சுக்க இதுல எடம் இல்ல."

"ஒரே விலைன்னா?"

"மெக்கானிக்கை எதிர்ல உக்கார வெச்சு, ஒவ்வொரு சாமானாக் கேட்டு, இதுக்குக் கொறஞ்சா வண்டி ஓடாதுன்னு வருமில்ல, அது."

அடுத்த சில நாட்களை நாகப்பா மெக்கானிக் செட்டிலேயே கழித்தார் என்று கேள்விப்பட்டேன். எது மாற்ற வேண்டும், எது தட்டி நிமிர்த்தினால் போதும், எது இல்லாமலும் வண்டி ஓடும் என்று இருவரும் வண்டியை ஒரு முறை வாயாலேயே பிரித்துப் பூட்டினார்களாம். புதுச் சுற்று திறந்த அன்று கடையில் நடந்ததைப் பாஷா பாய் வாயாலேயே கேட்டேன். நாகப்பா பாஷா பாயை அறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். எண்கள் தெரியுமே, செல்போனில் அழுத்துகிறவர்தானே. ஒற்றை விரலால் தானே ஒவ்வொன்றாகக் குத்தினாராம். அது முடியும் வரை கௌரம்மா தன் முந்தானையைச் சுருட்டி அவர் வாயில் பொத்திப் பிடித்திருந்தாராம்.

கிருஷ்ணகிரியில் இருந்தவர் கோப்பை மட்டும் பார்த்துத் தனக்கு நியாயமாகப் பட்டதைப் போட்டார். அந்தச் சுற்றிலேயே பொருந்திவிட்டது.

நாகப்பா ஆரம்பத்தில் ஆசைப்பட்டது கிடைக்கவில்லை. ஆனால் அடிச்சட்டம் நிமிர்ந்தது, இன்ஜின் எழுந்தது, முன் கண்ணாடி வந்தது. மாசக் கடைசிக்குள் வண்டி மெக்கானிக் செட்டை விட்டு வெளியே வந்தது. பெயின்ட்டுக்கு மட்டும் தொகை எட்டவில்லை. பழைய சாமான் கடையில் வாங்கிய கதவு சிவப்பு, வண்டி பச்சை. அப்படியே ஓட்டினார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். அந்தக் கருவி நல்ல கருவி. அன்றே அது வேகமாகத்தான் இருந்தது. முதல் இரண்டு சுற்றிலும் அதை நிறுத்தி வைத்தது நாகப்பாவும் நானும். இன்று உங்கள் கையில் இருப்பது அதைவிடக் கெட்டிக்காரக் கருவியாக இருக்கலாம். எதிரில் இருப்பவர் பயந்துவிட்டார் என்பது உங்களுக்கு எப்படியாவது தெரியவரும், ஏதோ ஒரு பலகைச் சுவர் வழியாக. அந்த நேரத்தில் கடிகாரம் உங்களை அவசரப்படுத்தும். எழுந்து திரைச்சீலையை விலக்க அரை நிமிடம் போதும், நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மாதமே ராயக்கோட்டை மண்டியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அலுவலக வாசலில் நின்று, "கேட்டதைக் கேட்டேன்னு சொன்ன மேடம் யாரு?" என்று விசாரித்தவர்கள் உண்டு. மேலாளர் தலைமை அலுவலகத்தில் திட்டு வாங்கியது உண்மை. ஆனால் வருடம் முடிவதற்குள் இணையத்தில் அதிகக் கோப்புகள் முடிந்த கிளை ஓசூர்தான் என்று அவரே தொலைபேசியில் சொன்னார். சொல்லிவிட்டு, "இப்பவாவது சொல்லுங்க, அந்த ஆளு எவ்வளவுதான் சொன்னாரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே தொலைபேசியை வைத்துவிட்டேன்.

சில காலம் கழித்து வேறொரு சர்வேக்காக ராயக்கோட்டைக்குப் போனேன். மண்டி வாசலில் பேருந்துக்கு நின்றிருந்தபோது பச்சை டெம்போ ஒன்று சிவப்புக் கதவோடு வந்து என் பக்கத்தில் நின்றது. பின்னால் கூடை கூடையாகத் தக்காளி. நாகப்பா தலையை வெளியே நீட்டினார். பக்கத்தில் கௌரம்மா.

"மேடம்! அன்னிக்கு நான் பாஷா பாய்கிட்ட ஒரு நம்பர் சொன்னேனே, அதை நெனச்சா இப்பவும் எனக்கே சிரிப்பு வருது. எவ்வளவு சொன்னேன் தெரியுமா..." மண்டியில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

கௌரம்மா அவர் தோளில் ஒன்று வைத்தார். "சும்மனிரு. அந்தம்மா இன்னி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருக்காங்க, நீ ரோட்ல நின்னு ஏலம் போடுறியா? வண்டியை எடு."

நாகப்பா வாயை மூடிக்கொண்டு கியரைப் போட்டார். முழு பாரத்தோடு வண்டி ஓசூர் சாலை மேட்டில் ஏறிப் போயிற்று.